1978: ஓரமாய் நின்ற பாட்டுகள் (கேள்வி பதில்)

1978-ல் வந்த தமிழ்ப் படங்களிலிருந்து எனக்குப் பிடித்த, ஆனால் மேடைக் கச்சேரியிலும் டிவியிலும் அதிகம் தலைகாட்டாத சில பாட்டுகளைச் சொல்லியிருந்தேன். ‘மழை தருமோ என் மேகம்’ (மனிதரில் இத்தனை நிறங்களா), ‘மதனோற்சவம்’ (சதுரங்கம்), ‘மாம்பூவே சிறு மைனாவே’ (மச்சானைப் பாத்தீங்களா), ‘இதோ இதோ என் நெஞ்சிலே’ (வட்டத்துக்குள் சதுரம்), ‘உன்ன நம்பி நெத்தியிலே’ (சிட்டுக்குருவி), ‘கண்டேன் எங்கும்’ (காற்றினிலே வரும் கீதம்). கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒவ்வொன்றாக வருகிறேன்.

எத்தனையோ வருஷம் இருக்க, 1978 ஏன்?

நெரிசலான வருஷம், அதனால்தான். ‘அன்னக்கிளி’ வந்து இரண்டே வருஷம்; அதற்குள் இளையராஜாவுக்கு அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் இருபது படம். ஆகஸ்ட் 10 ‘கிழக்கே போகும் ரயில்’, ஐந்தே நாளில் ‘முள்ளும் மலரும்’, அக்டோபரில் ‘சிகப்பு ரோஜாக்கள்’, டிசம்பரில் ‘ப்ரியா’. ‘பூவரசம்பூ’ ஓய்வதற்குள் ‘செந்தாழம்பூ’ வந்தால் பக்கத்துத் தியேட்டர் பாட்டுக்கு யார் காது கொடுப்பார்கள்? சுமாரான வருஷத்தில் வந்திருந்தால் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டிய பாட்டுகள் இந்தக் கூட்டத்தில் மிதிபட்டன. அதிலும் படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டால் கதை முடிந்தது. நான் பொறுக்கியதில் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

சார், கோபிக்காதீர்கள். இதில் பாதி எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. ‘மதனோற்சவம்’ தெரியாதவன் உண்டா?

உங்கள் வீட்டில் இல்லை போலிருக்கிறது, சந்தோஷம். ஆனால் பாட்டு தெரிந்தவர்களிடம் படம் எது, இசை யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். பாட்டு மட்டும் தப்பித்து, போட்டவர் பேர் மறந்துபோனால் அதையும் நான் ‘தெரியாத’ கணக்கில்தான் சேர்ப்பேன்.

அண்ணா, ‘மழை தருமோ’ இளையராஜா பாட்டு இல்லையா? நான் வைத்திருக்கும் தொகுப்பில் அப்படித்தான் இருக்கிறது.

இல்லை தம்பி. அது ஷ்யாம். இயற்பெயர் சாமுவேல் ஜோசப், வயலின்காரர். மலையாளத்தில் கொடிகட்டிப் பறந்தவர், தமிழில் குறைவாகவே செய்தார். பாடியது எஸ்.பி.பி.யும் அவர் தங்கை ஷைலஜாவும். காதல் பாட்டென்றாலும் அண்ணனும் தங்கையும் குரலைப் பாத்திரத்துக்கு விட்டுக்கொடுத்துப் பாடியிருப்பார்கள். ஷைலஜாவைப் பலரும் ‘சோலைக்குயிலே’யில்தான் கண்டுகொண்டார்கள், அது அடுத்த வருஷம்.

எழுபதுகளின் கடைசியில் வந்த நல்ல மெலடி எதுவாக இருந்தாலும் ராஜா தலையில் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ராஜாவுக்கு அதனால் லாபமில்லை, மற்றவர்களுக்குத்தான் நஷ்டம். ‘மாம்பூவே’ சந்திரபோஸ் போட்டது. ஜேசுதாஸும் சுசீலாவும் பாடினார்கள். ‘ஆறு புஷ்பங்கள்’ படத்தில் எம்.எஸ்.வி. இசையில் ‘ஏண்டி முத்தம்மா’ என்று பாடினாரே, அதே சந்திரபோஸ். 1987-ல் ‘சங்கர் குரு’, ‘மனிதன்’ என்று ஏவிஎம் படங்களில் அவர் பேர் பெரிதாக வந்தபோது, பத்து வருஷத்துக்கு முந்தைய இந்த மென்மையான பாட்டை யாரும் அவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

‘மதனோற்சவம்’ வி. குமார். எனக்கு ஆற்றாமை அதிகம் இவர் விஷயத்தில்தான். பாலசந்தர் நாடகங்களுக்கு இசையமைத்து, அவரோடேயே 1965-ல் ‘நீர்க்குமிழி’ மூலம் சினிமாவுக்கு வந்தவர். ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’, ‘ஒரு நாள் யாரோ’, ‘காதோடுதான் நான் பாடுவேன்’ எல்லாம் அவர் கொடுத்ததுதான். ‘சதுரங்கம்’ வந்த சமயம் காற்று திசை மாறிவிட்டது. அப்போதும் எஸ்.பி.பி., வாணி ஜெயராம் இருவருக்கும் இப்படி ஒரு பாட்டு வைத்திருந்தார் என்றால், அவரிடம் சரக்கு தீரவில்லை. கூப்பிடத்தான் ஆள் குறைந்துவிட்டது.

அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். உந்தப் பாட்டெல்லாம் எங்கட அம்மாவுக்கு மனப்பாடம், ஆனா ஒரு படமும் பாக்கேல்லை எண்டு சொல்லுறா. எப்பிடி?

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இலங்கை வானொலி செய்த வேலை அது. தமிழ்நாட்டுத் தென்கோடியில் பலபேருக்கும் இதே கதைதான். படம் ஓடியதா, ஓடவில்லையா என்று அந்த அறிவிப்பாளர்கள் பார்க்கவில்லை, பாட்டு நன்றாக இருந்தால் போட்டார்கள். அப்துல் ஹமீதோ ராஜேஸ்வரி சண்முகமோ படத்தின் பெயர், எழுதியவர், இசை, பாடியவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டை விடுவார்கள். அந்த நாலு விவரம் இன்று பல செயலிகளில் இல்லை, இருந்தாலும் தப்பாக இருக்கிறது. அம்மாவிடம் நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் பட்டியலைவிட நீளமாக வரும்.

‘இதோ இதோ என் நெஞ்சிலே’யில் அப்படி என்ன விசேஷம்?

இரண்டு தோழிகள் சேர்ந்து பாடும் பாட்டு. காதலனும் கிடையாது, சாமியும் கிடையாது. நம் சினிமாவில் அதற்கே பஞ்சம். ஜானகியோடு பாடுபவர் பி.எஸ். சசிரேகா, ‘காயத்ரி’ படத்தில் ‘வாழ்வே மாயமா’ பாடியவர். ஒரு காதில் இயர்ஃபோனைச் சொருகிக்கொண்டு கேட்காமல், சத்தமாக வைத்துக் கேளுங்கள். ஜானகியின் குரலில் நெளிவு அதிகம், சசிரேகாவின் குரல் கொஞ்சம் நேர்க்கோடு. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும்போது அந்த வித்தியாசம் கேட்கும். அதில் போட்டி இருக்காது.

‘சிட்டுக்குருவி’ என்றாலே ‘என் கண்மணி’தானே? அதை விட்டுவிட்டு வேறு பாட்டா?

‘என் கண்மணி’ பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஒரே ஆளின் குரல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஒரு சொல்லை விட மற்றது பிடித்துக்கொள்ளும். நடுவில் பஸ் கண்டக்டர் தேனாம்பேட்டை சூப்பர் மார்க்கெட் என்று குரல் கொடுப்பார். இத்தனை வித்தை ஒரு பாட்டில் இருந்தால் அதே இசைத்தட்டில் இருக்கும் ‘உன்ன நம்பி நெத்தியிலே’ என்ன செய்யும், பாவம்! அதில் வித்தை எதுவும் கிடையாது. சுசீலா பேச்சு வழக்கில் பாடுவார். செந்தமிழ் உச்சரிப்புக்குப் பேர்போனவர் ‘நெத்தி’யை நெற்றியாக்காமல், அதே நேரம் கொச்சையாகவும் விடாமல் பாடும் அழகுக்காகவே பட்டியலில் வைத்தேன்.

எம்.எஸ்.வி.யை அடியோடு விட்டுவிட்டீர்களே ஐயா?

‘நிழல் நிஜமாகிறது’ பாட்டுகளைத் தெரியாத பாட்டு என்று சொன்னால் என்னை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பீர்கள். ஒன்று சேர்க்கலாம் என்றால் ‘வயசுப் பொண்ணு’ படத்தின் ‘காஞ்சிப் பட்டுடுத்தி’. முத்துலிங்கம் எழுத, ஜேசுதாஸ் பாடியது. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரஜினி ரசிகனுக்கு ஏதாவது?

‘பைரவி’யில் ‘நண்டூறுது நரியூறுது’. ரஜினிக்கு டி.எம்.எஸ். குரல்! பொருந்துகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பொருந்தவில்லை, ஆனால் பாட்டு பிடிக்கும்.

இவற்றைப் பழைய ரெக்கார்டாக வாங்கலாமா? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

வாங்கலாம். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனாலும் அந்த வியாபாரம் இன்னும் சென்னையில் இருக்கிறது. அப்போது படப்பாட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றும் ஈ.பி. என்ற சின்னத் தட்டாக வரும், பக்கத்துக்கு இரண்டு என்று நாலு பாட்டு. தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகள் பரவாயில்லை. நகம் தடுக்கும் கீறல் என்றால் ஊசி அங்கேயே நின்று ஒரே வார்த்தையைப் பாடும். கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். நடுத்துளை அகன்றிருந்தால் சுருதி அலையும், அதைத் தொடாதீர்கள். உறை கிழிந்திருக்கிறது என்று விலையைக் குறைக்கலாம், ஆனால் உறையே இல்லாததை வாங்காதீர்கள். பாடியவர் பேர், எழுதியவர் பேர் எல்லாம் சரியாக அச்சாகியிருப்பது அதில்தான். வீட்டில் நிற்கவைத்து அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளைந்துவிடும்.

அப்பாவுக்கு எழுபது வயது. ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டலாம் என்றால் எது?

‘கண்டேன் எங்கும்’. வாணி ஜெயராம் பாடியது ஒன்று, ஜானகி பாடியது ஒன்று என்று இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் போட்டால் அவரே மற்றதைக் கேட்பார், அதனால் இரண்டையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எது உசத்தி என்ற விவாதத்தை மட்டும் அம்மா இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள், சாப்பாடு தாமதமாகும்.