சாலிஸ் குடும்பமும் வால்தெல்லினா மதுவும்: கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்துப் பிரபுக் குடும்பமான ஃபான் சாலிஸ் பற்றியும், இன்று இத்தாலியில் உள்ள வால்தெல்லினா பள்ளத்தாக்கில் அவர்களுக்கு இருந்த திராட்சைத் தோட்டங்கள் பற்றியும் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி (வரலாற்று மாணவி): இவர்களின் பூர்வீகம் எது? பட்டம் கொடுத்த மன்னர் யார்?

பதில்: இத்தாலிய எல்லையை ஒட்டிய பெர்கெல் பள்ளத்தாக்கின் மேல்சரிவில் உள்ள சோல்யோ என்னும் சிற்றூரே பூர்வீகம். அன்றைய கிரௌபுண்டன் மன்னர் இல்லாத நாடு. ஊராட்சிகள் இணைந்து அமைத்த மூன்று லீகுகளே (கூட்டணிகளே) அதை ஆண்டன. ஆகவே பதவி, நிலம், வெளிநாட்டுப் படைச் சேவை ஆகியவையே ஒரு குடும்பத்தை உயர்த்தின. ஒரு கிளைக்கு 1748இல் புனித ரோமப் பேரரசர் கோமகன் பட்டம் வழங்கினார் என்றாலும், குடும்பத்தின் செல்வாக்கு அதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்டது.

கேள்வி (தோட்டக்கலை ஆர்வலர்): ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் சோல்யோவில் வசித்தவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் எப்படிக் கிடைத்தது?

பதில்: இதுதான் இவர்களது வரலாற்றின் மையம். 1512இல் மூன்று லீகுகள் ஆல்ப்ஸின் தென்புறத்து வால்தெல்லினாவையும் கியாவென்னாவையும் கைப்பற்றின. வால்தெல்லினாவில் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளில், கல் அடுக்கிச் சுவர் எழுப்பி மண் நிரப்பிய படித்தோட்டங்களில், உள்ளூரார் கியாவென்னாஸ்கா என்றழைக்கும் நெபியோலோ திராட்சை விளைகிறது. அங்கே ஆளச் செல்லும் அதிகாரியின் பதவி ஈராண்டுக்கு ஒருமுறை மாறும். அதை ஊராட்சிகளிடம் விலை கொடுத்து வாங்கியவர், போட்ட பணத்தை அபராதங்களிலும் கட்டணங்களிலும் மீட்கப் பார்ப்பார். சாலிஸ், பிளாண்டா போன்ற குடும்பங்கள் இப்பதவிகளோடு தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டன. உழவர் செலுத்திய குத்தகையில் மதுவும் அடங்கும். அந்த மது பொதிக்குதிரைகளின் இருபுறமும் தொங்கிய சிறு மரப்பீப்பாய்களில், 2,300 மீட்டருக்கும் உயரமான பெர்னினா கணவாய் வழியே வடக்கே ஏறியது. இவர்களை மது வணிகர்கள் என்பதைவிட, ஆட்சியின் பலனை மதுவாக வசூலித்தவர்கள் என்றே நான் சொல்வேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): பள்ளத்தாக்கு மக்கள் எதிர்க்கவில்லையா?

பதில்: எதிர்த்தார்கள். 1620 ஜூலையில் கத்தோலிக்கர் நூற்றுக்கணக்கான புராட்டஸ்டன்டினரைக் கொன்றனர்; மதப்பகையோடு ஆட்சி மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது. ஸ்பெயின் பக்கம் பிளாண்டாக்களும், வெனிஸ், பிரான்ஸ் பக்கம் சாலிஸ்களும் நின்றதால் உள்நாட்டுப் பூசல் ஐரோப்பியப் போராகவே விரிந்தது. இதில் கைநழுவிய பள்ளத்தாக்கு 1639இல் மூன்று லீகுகளிடம் திரும்பியது, ஆனால் கத்தோலிக்கம் மட்டுமே அங்கே அனுமதிக்கப்பட்டது.

கேள்வி (அதே ஆசிரியர்): அந்தத் தோட்டங்கள் இன்னும் அவர்களிடம் உள்ளனவா?

பதில்: இல்லை. 1797இல் நெப்போலியன் வால்தெல்லினாவை, வட இத்தாலியில் தாம் உருவாக்கிய சிசால்பைன் குடியரசோடு இணைத்தார். அதையடுத்து கிரௌபுண்டனாரின் சொத்துகள் அங்கே பறிமுதல் செய்யப்பட்டன. வடக்கே ரைன் கரையோரப் பகுதியில் குடும்பத்துக்கு வேறு இருப்பிடங்கள் இருந்தன. ஃபோன் எனும் வெப்பக்காற்று பழங்களைக் கனியவைக்கும் மலான்ஸ் ஊரின் போத்மார் மாளிகை அவற்றில் ஒன்று. கவிஞர் யோஹான் கௌடென்ஸ் ஃபான் சாலிஸ்-சேவிஸ் 1762இல் அங்குதான் பிறந்தார். அவ்வட்டாரத்தில் பினோ நுவார் கருந்திராட்சையே முதன்மை; 1321ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெறும் கொம்ப்ளேட்டர் என்ற வெள்ளைத் திராட்சையும் சிறிதளவு பயிராகிறது.

கேள்வி (பயண விரும்பி): இன்று நேரில் எதைப் பார்க்கலாம்?

பதில்: சோல்யோவின் சாலிஸ் மாளிகைகளில் ஒன்று 1876 முதல் விடுதியாக இயங்குகிறது; 1919இல் கவிஞர் ரில்கே அங்கே தங்கினார். மது மீது ஆர்வம் இருந்தால் சோல்யோவோடு நிற்காமல், எல்லை கடந்து கியாவென்னா சென்று, மலைப்பாறை இடுக்குகளில் குளிர்காற்று வீசும் ‘குரொத்தோ’ நிலவறைகளையும் பாருங்கள்.