டொராண்டோவில் முதல் குளிர்காலம்: கேள்வி பதில்

இந்த ஆண்டு டொராண்டோ வட்டாரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

கார்த்திக், மிசிசாகா: அக்கா, வானிலை ஆப்பில் மைனஸ் 10 என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே "உணர்வது மைனஸ் 20" என்கிறது. எதை நம்பி உடுத்துவது?

இரண்டாவதை. நம் உடம்புச் சூட்டில் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பு எப்போதும் இருக்கும். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20தான். இந்த எண் மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம்தான். அந்த அளவு டொராண்டோவில் அபூர்வம். வினிபெக், எட்மன்டன் பக்கம் போகிறவர்கள் மனதில் வையுங்கள்.

இதெல்லாம் உடம்புக்கு மட்டும். தண்ணீர்க் குழாய்க்கும் காருக்கும் முதல் எண்தான் கணக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் ஒரு பொருள் வெளி வெப்பநிலைக்குக் கீழே போகாது, சீக்கிரம் ஆறிப்போகும், அவ்வளவே.

பஸ்ஸிலும் சப்வேயிலும் வேலைக்குப் போகிறேன். ஆயிரம் டாலருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது, தேவையும் இல்லை. கையில் இருக்கும் பணத்தை முதலில் காலணிக்கும், அடுத்துக் கையுறைக்கும், மிஞ்சினால் ஜாக்கெட்டுக்கும் செலவு செய்யுங்கள். இங்கே அதிகம் பேர் கஷ்டப்படுவது கால்விரலும் கைவிரலும் விறைத்துத்தான்.

உடை மூன்று அடுக்கு. தோலை ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் ஈரமும் புகாத, தொடை வரை நீண்ட, தொப்பி வைத்த ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். ஊரில் பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று பழகிவிட்டோம். இங்கே அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்துக்கொள்ளும், வெளியே வந்ததும் அந்த ஈரமே உடம்பைக் குளிர வைக்கும். அதனால்தான் சப்வேக்குள் இறங்கியதும் ஜிப்பைத் திறந்துவிடச் சொல்கிறேன். வியர்த்த பிறகு திறந்து பயனில்லை.

பூட்ஸை வாங்கும்போது தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுப் பாருங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு தாங்கும்.

அக்கா, அம்மா யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து நிக்கிறா. சீலையைத் தவிர வேற ஒண்டும் உடுக்க மாட்டன் எண்டுறா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவேணுமாம். என்ன செய்யிறது?

சேலையே உடுத்தட்டும், உள்ளே இருப்பதை மாற்றினால் போதும். பாவாடைக்குள் கணுக்கால் வரை தெர்மல், ரவிக்கைக்குப் பதில் முழுக்கை தெர்மல் மேல்சட்டை, அதன்மேல் கார்டிகன், முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட். சேலையை வழக்கத்தைவிட நாலு விரல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். கரை பனியில் புரண்டால், உள்ளே வந்ததும் அது உருகி ஈரம் மேலே ஏறும். குனிந்து கயிறு கட்டுவது வயதானவர்களுக்குச் சிரமம், பக்கவாட்டில் ஜிப் வைத்த பூட்ஸாக வாங்குங்கள்.

கோயிலில் சப்பாத்தைக் கழற்றும் இடம்தான் வில்லங்கம். எல்லார் காலணியிலிருந்தும் பனி உருகித் தரை ஈரமாகக் கிடக்கும், அதில் சாக்ஸ் நனைந்துவிடும். கைப்பையில் இன்னொரு ஜோடி கம்பளி சாக்ஸ் வைத்துக்கொடுங்கள், திரும்பும்போது மாற்றிக்கொள்ளட்டும். பெரிய தோடு, ஜிமிக்கி போட்டிருந்தால் காதை முழுக்க மூடும் தொப்பி அவசியம், உலோகம் சட்டென்று சில்லிடும். பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் குளிர் மாதங்களில் அளவு ஏறலாம். வீட்டிலேயே அளந்து எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பனி அள்ளும் வேலையை அவரிடம் விடவேண்டாம், நெஞ்சுவலிக்காரர்களும் தொடக்கூடாது.

பனி கொட்டும் நாளில்தான் வழுக்குமா?

இல்லை. மைனஸ் 15இல் கிடக்கும் காய்ந்த பனியைவிட, பகலில் பிளஸ் 2, இரவில் மைனஸ் 3 என்று போகும் நாட்கள் மோசம். பகலில் உருகிய தண்ணீர் ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலமாகிவிடும். ஈரமான தார் மாதிரி பளபளத்தால் அது ஐஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுங்கள், அடியைச் சிறிதாக வையுங்கள், பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பதியட்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை நல்லதுதான், ஆனால் கடைக்குள் நுழையுமுன் கழற்றிவிடுங்கள். டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும்.

பையனுக்குக் காது வெளுத்து மரத்துப்போச்சு. நன்றாகத் தேய்த்துவிட்டோம். சரிதானே?

தேய்க்கக்கூடாது. உறைந்த தோலைத் தேய்த்தால் உள்ளே திசு கிழியும். கதகதப்பான உள்ளங்கையை வைத்துச் சும்மா பொத்திப் பிடியுங்கள். விரல் என்றால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். சூட்டை மரத்துப்போகாத வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஹீட்டருக்கு எதிரே காட்டாதீர்கள், உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. அரை மணி நேரத்தில் நிறம் திரும்பவில்லை, தோல் மெழுகு போலக் கெட்டியாக இருக்கிறது, கொப்புளம் வருகிறது என்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கால்விரல் சிவந்து, ஊதாவாகி, அரிப்பெடுப்பது வேறு விஷயம். ஈரக் குளிரில் நின்றுவிட்டு உடனே வெந்நீரில் காலை வைப்பவர்களுக்கு அடிக்கடி வரும். சாக்ஸ் உலர்ந்திருக்கட்டும், காலை மெதுவாகச் சூடேற விடுங்கள்.

மூக்கில் ரத்தம் வருகிறது, கால் தோல் மீன் செதில் மாதிரி உரிகிறது. ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி பறக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் கேட்கவில்லை. ஏன்?

மூன்றுக்கும் காரணம் ஒன்றே: வீட்டுக்குள் இருக்கும் வறட்சி. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. வெளியே மைனஸ் 10இல் ஈரப்பதம் 80 சதவீதம் என்று காட்டினாலும், அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானதும் 10 சதவீதம் ஆகிவிடும். சென்னை, யாழ்ப்பாணக் காற்றில் பழகிய மூக்குக்கும் தோலுக்கும் இது பெரிய அதிர்ச்சி. புதிதாக வந்தவர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள், தொல்லை கொடுப்பது பெரும்பாலும் வறட்சிதான்.

பத்துப் பதினைந்து டாலருக்கு ஈரப்பதமானி கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதற்கும் மேலே ஹியூமிடிஃபையரை (காற்றுக்கு ஈரம் ஏற்றும் கருவி) ஓட்டினால் ஜன்னலில் தண்ணீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும். கடுங்குளிர் நாளில் 30ஐ ஒட்டியே வையுங்கள். அல்ட்ராசோனிக் வகைக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மேஜை, டிவி எல்லாம் வெள்ளைப் பொடி படியும், காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். தினமும் மிச்சத்தைக் கொட்டி, வாரம் ஒரு முறை வினிகரில் கழுவுங்கள்.

குளியல் வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளத்தான் ஆசை வரும், தோலில் இருக்கும் எண்ணெயெல்லாம் அதோடு போய்விடும். துண்டால் ஒற்றியதும், தோல் ஈரமாக இருக்கும்போதே மணமில்லாத கெட்டி கிரீம் தடவுங்கள். வெடித்த குதிகாலுக்கு வாஸ்லின் போட்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுங்கள். தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் ஈரத்தைப் பூட்டி வைப்பதில் வாஸ்லினுக்கு ஈடாகாது. காய்ந்த தோலில் தடவினால் பூட்டி வைக்க அங்கே ஈரமும் இருக்காது.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்காதீர்கள். முன்பக்கம் சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. இரவில் உப்பு நீர் ஜெல் அல்லது ஸ்பிரே போடலாம்.

தோசை மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாளாகிறது அக்கா!

வீடு 20 டிகிரியில் இருக்கிறது, மாவுக்கு 28 முதல் 32 வேண்டும். 20இல் புளிக்கும், ஆனால் உப்பாது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், கரைத்து முடிக்கும்போது மாவு கைக்கு இளஞ்சூடாக இருக்கட்டும். நாலு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கையால் கரையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம்.

பிறகு ஓவனை ஆன் செய்யாமல், உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்து மூடுங்கள். பழைய குண்டு பல்பாக இருந்தால் அதன் சூடே போதும், 10 முதல் 14 மணி நேரத்தில் பொங்கிவிடும். எல்.இ.டி. பல்பில் சூடே வராது. அப்படியானால் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் கொதிநீர் வைத்து, ஆறியதும் மாற்றுங்கள். ஓவன் குமிழ்மேல் "உள்ளே மாவு" என்று ஒரு சீட்டு ஒட்டுவது மிக முக்கியம், இல்லையென்றால் ரூம்மேட் பீட்சாவுக்காக 200 டிகிரியில் வைத்துவிடுவார். இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின்சாரக் குக்கரில் யோகர்ட் பட்டன் இருந்தால் அதுவும் ஆகும், பிரஷர் மூடி மட்டும் வேண்டாம். மாவு பொங்கி வால்வை அடைத்துக்கொள்ளும். கண்ணாடி மூடி போடுங்கள்.

பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. வறட்சி என்கிறீர்களே, இது எப்படி?

சமையல் ஆவி, குளியல், உள்ளே காயப்போடும் துணி என எல்லா ஈரமும் சின்ன இடத்தில் சேர்ந்து, வெளிச்சுவரின் சில்லிட்ட மூலையில் தண்ணீராகப் படிகிறது. அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சாதம் வடிக்கும்போதும் சாம்பார் கொதிக்கும்போதும் மேலே இருக்கும் ஃபேன் ஓட வேண்டும். அது வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். குளித்த பின் பாத்ரூம் ஃபேன் இன்னும் அரை மணி ஓடட்டும். ஈரப்பதமானி 50ஐத் தாண்டினால் ஹியூமிடிஃபையர் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர்தான் வேண்டும். கோடையில் இந்த வீடுகளுக்கு அது கட்டாயம்.

வீட்டுக்காரர் ஹீட்டை 18இல் வைத்திருக்கிறார். கேட்டால் ஸ்வெட்டர் போடச் சொல்கிறார்.

டொராண்டோ நகர விதிப்படி குளிர் மாதங்களில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். ஜன்னலிலிருந்து தள்ளி, அறை நடுவில் தெர்மாமீட்டர் வைத்து, தேதி, நேரத்தோடு சில நாள் படம் எடுத்துவையுங்கள். எழுத்தில் கேளுங்கள், சரியாகாவிட்டால் நகராட்சியின் 311 எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். மற்ற ஊர்களுக்கு அந்தந்த நகராட்சி விதி. அதுவரை கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். 1500 வாட் ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது, மைக்ரோவேவும் அதே சர்க்யூட்டில் ஓடினால் பிரேக்கர் விழும்.

குழந்தையைத் தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டலாமா?

கூடாது. மோதலின்போது ஜாக்கெட் அமுங்கி, வார் தளர்ந்து, குழந்தை நழுவும். மெல்லிய ஃப்ளீஸோடு உட்காரவைத்து, தோள் வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஜாக்கெட்டை வாருக்கு மேலே போர்த்துங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மஃப்ளர் வேண்டாம், விளையாடும்போது சிக்கும். கழுத்தில் மாட்டும் வளையத் துணி போதும்.

நவம்பர் வந்தாலே படுக்கையை விட்டு எழ மனசே இல்லை. வைட்டமின் டி குறைவா?

இரண்டும் தனித்தனி. டிசம்பர் 21 அன்று டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. சென்னையில் அதே நாளில் பதினொரு மணி நேரத்துக்கு மேல். காலை வெளிச்சம் குறைவதால் சிலருக்கு மனச்சோர்வு வரும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் அரை மணி உட்கார்வது பலருக்குக் கைகொடுக்கிறது. பைபோலார் என்னும் மனநிலை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம். இரண்டு வாரத்துக்கும் மேல் இழுத்தால் எல்லாருமே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

வைட்டமின் டி விஷயம் வேறு. இந்த அட்சரேகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோலில் அது அநேகமாக உருவாகாது, கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். 70 வயது வரை நாளுக்கு 600 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு), அதற்கு மேல் 800, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு 400 ஐ.யூ., சொட்டு மருந்து வடிவில். இங்கே பாலில் சேர்த்தே விற்கிறார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். பெரியவர்கள் டாக்டர் சொல்லாமல் 4000ஐத் தாண்ட வேண்டாம்.

எத்தனை வருஷத்தில் உடம்பு பழகும்? ரத்தம் கெட்டியாகும் என்கிறார்களே?

ரத்தமெல்லாம் கெட்டியாகாது. வெயிலுக்கு உடம்பு இரண்டு வாரத்தில் பழகிவிடும், குளிருக்கு அந்த அளவு பழகாது. நடுக்கமும் எரிச்சலும் குறையும், மிச்சம் பழக்கவழக்கம்தான். அக்டோபரிலிருந்தே தினமும் இருபது நிமிடம் வெளியே நடங்கள்.

டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். ஹீட்டை அணைத்துவிட்டுப் போனால் காசு மிச்சமாகுமே?

குழாய் வெடித்தால் மிச்சம் பிடித்ததைப்போல நூறு மடங்கு போகும். உறையும் தண்ணீர் விரிந்து குழாயைப் பிளக்கும், உருகும்போதுதான் வெள்ளம் வரும். தெர்மோஸ்டாட்டை 15க்குக் கீழே குறைக்காதீர்கள். பேஸ்மென்ட்டில் தண்ணீர் மீட்டர் அருகே இருக்கும் மெயின் வால்வை மூடி, மேல்மாடிக் குழாயையும் கீழ்க் குழாயையும் திறந்து வடிய விடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் கீழ்க் கதவுகள் திறந்தே இருக்கட்டும். தோட்டக் குழாய்க்கு உள்ளே தனி வால்வு இருக்கும், அதை அக்டோபரிலேயே மூடி, வெளிக் குழாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கடைசியாக, இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வீடு காலியாக இருந்து யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் குழாய் உறைந்த சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று பல பாலிசிகளில் இருக்கும். தினமும் வந்து பார்க்கும் ஆளிடம் சாவியைக் கொடுங்கள், மெயின் வால்வு எங்கே என்று அவருக்குக் கையோடு காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.