பிள்ளைகள் குறைந்து முதியவர்கள் பெருகினால் வீட்டில் என்ன மாறும்?

"பிள்ளைகள் குறைவதும் முதியவர்கள் கூடுவதும் சாதாரணக் குடும்பத்தை எப்படிப் பாதிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் என் ஊர். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் பாட்டிக்கு ஆறு பிள்ளைகள். 1994-ல் பாட்டி படுக்கையில் விழுந்தபோது மாதம் ஒருவர் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். யார் எத்தனை நாள் பார்த்தார், யாருக்கு விளையில் (தோட்ட நிலத்தில்) எவ்வளவு பங்கு என்று சண்டையும் நடந்தது. ஆனாலும் கஞ்சி கொடுக்க ஆளில்லை என்ற நாள் வந்ததில்லை.

அம்மாவுக்கு நாங்கள் இருவர்தான். அண்ணன் சவூதியில் இருக்கிறார். போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எங்கள் இடவழிக்குள் ஆம்புலன்ஸ் வராது. பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்கு வந்திருந்த இரண்டு பீகார் இளைஞர்கள்தான் அம்மாவைப் பெஞ்சோடு தூக்கி ரோடு வரை கொண்டுபோனார்கள். சுற்றியுள்ள ஐந்து வீடுகளில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. மற்ற இரண்டில் இருப்பவர்கள் எழுபது வயதைக் கடந்தவர்கள்.

பள்ளி வேலையை எட்டு மாதம் விட்டேன். அண்ணன் தவறாமல் பணம் அனுப்பினார், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நள்ளிரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு கைகள் வேண்டும். ஹோம் நர்ஸ் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. இதற்கிடையில் தக்கலையில் மாமியார் தனியாக இருந்தார். முன்பு ஆறு பேர் பகிர்ந்துகொண்ட வேலை இப்போது ஒருவர் தலையில் விழுகிறது, அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்.

இதைச் சொன்னால் "அதற்குத்தான் நாலு பிள்ளை பெற்றிருக்க வேண்டும்" என்பவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பாட்டி ஆறு பெற்றார், ஒருநாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார், நான் ஆசிரியையானேன். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம். பெண்கள் படித்ததும் குடும்பம் சிறிதானதும் இங்கே கைகோத்தே நடந்தன. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்ய ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை தேவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 1.8, பீகாரின் அளவு 3.0. எங்கள் பெஞ்சைத் தூக்கிய கைகள் ஏன் அங்கிருந்து வந்தன என்பதற்கான காரணத்தில் ஒரு பகுதி இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

பொது வாழ்விலும் இதன் விளைவு தெரிகிறது. 1991-2001-ல் எங்கள் மாவட்ட மக்கள்தொகை ஐந்து சதவீதம்கூடக் கூடவில்லை. 2001 கணக்கை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்தபோது ஏழு சட்டமன்றத் தொகுதிகள் ஆறாயின. திருவட்டார் தொகுதி இல்லாமல் போனது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஊருக்கு இது நியாயமா என்று இன்றும் மனம் கேட்கிறது. (ஆள் குறைந்து ஊர் காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2011-ல் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், மாநிலச் சராசரியைப் போல் இரு மடங்கு.)

எனக்குத் தெரிந்தவரை, தவறு சிறிய குடும்பத்தில் இல்லை. குடும்பம் சிறுத்தபோது, அது செய்துவந்த வேலையை வேறு யார் செய்வது என்று நாம் யோசிக்கவில்லை. 1975-ல் குழந்தைகளுக்காக ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அதன் வழியாக ஊர்தோறும் அங்கன்வாடி அமைத்தோம். அதேபோல் முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊராட்சிக்கு ஒரு இடம் வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கற்றுக்கொடுத்தார்கள். அம்மா வாக்கர் பிடித்து நடப்பது அதனால்தான். ஆனால் அது வாரத்தில் அரை மணி நேரம். மீதி நேரத்துக்கு இன்னும் வழியில்லை.

அம்மாவைத் தூக்கிய இளைஞர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். தமிழ் ஓரளவு வந்துவிட்டது. போன மாதம் அம்மா அவரிடம், "மக்களே, ஊரில் உன் அம்மையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். "தம்பி பார்த்துக்கொள்கிறான்" என்றார். பிறகு, "அவனும் அடுத்த வருடம் இங்கே வருகிறான்" என்றார்.