இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரெஞ்சு பிக் பேண்ட் ஜாஸ், அதாவது ட்ரம்பெட், சாக்ஸபோன் என்று ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து வாசிக்கும் ஜாஸ், அமெரிக்க இசையின் நகல் மட்டும்தானா?

முதல் பத்துப் பன்னிரண்டு வருஷத்தை மட்டும் வைத்துக் கேட்டால், பெரும்பாலும் ஆமாம். ஆனால் 1960-க்கு வந்துவிட்டால் அந்தப் பதில் செல்லாது. காரணம் மிமி பெரான் என்ற பாடகி.

1948 பிப்ரவரி 28 அன்று பாரிஸின் சால் பிளேயேல் அரங்கில் அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பிக் பேண்ட் வாசித்தது. அதற்கு முன்பே பிரெஞ்சு ஜாஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். கில்லெஸ்பி வாசித்த பீபாப் என்ற வேகமான புதுப் பாணியை ஜாஸ் என்றே ஒப்புக்கொள்ள மறுத்தார் விமர்சகர் ஊக் பனாசியே. அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார் இன்னொரு விமர்சகர் ஷார்ல் தெலோனே. அன்றைக்கு டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவர் கென்னி கிளார்க். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

உள்ளூர் பேண்டுகளின் பிழைப்பு வேறு. ஜாக் எலியான் 1944-ல் தொடங்கிய பேண்டுக்கு நாடு முழுக்கப் பெயர். ஆனால் ஜனங்கள் வந்தது ஆடவும் சிரிக்கவும். ஜாஸ் அதற்குள் ஊறுகாய் அளவுதான். 1956-ல் பாரிஸில் குடியேறிய கென்னி கிளார்க்குக்கே அந்த பேண்டில்தான் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் எலியான் பேண்டைக் கலைத்துவிட்டார். அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டிக் காப்பது லேசான காரியமில்லை. 1956-ல் பிக் பேண்ட் அமைத்த பியானோ கலைஞர் குளோத் போலிங்கை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் இசையில் அவர் குடியிருந்தது அமெரிக்க பிக் பேண்ட் மேதை டியூக் எலிங்டன் கட்டிய வீட்டில்.

1957-ல் அமெரிக்க இசையமைப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ் பாரிஸுக்கு வந்தார். பார்க்லே இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை, இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் பாடம். அவர் பிக் பேண்டுக்கு எழுதிய இசையை மிமி பெரான் எடுத்து, வாத்தியங்களுக்குப் பதிலாக மனிதக் குரல்களைப் போட்டார். ஆறு பேர் ஒருமுறை பாடிப் பதிவு செய்வார்கள். அதே ஆறு பேர் அதைக் கேட்டுக்கொண்டே மேலே இன்னொரு முறை பாடுவார்கள். ஆறு தொண்டையில் பன்னிரண்டு குரல். குழுவின் பெயரே 'டபுள் சிக்ஸ்'.

வாத்திய இசைக்குச் சொல் போட்டுப் பாடுவதை அமெரிக்காவில் லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் மூவரும் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மிமி பெரானுக்கு முக்கியம் சொல்லின் பொருளைவிட அதன் ஓசை. டபுள் சிக்ஸ் பாடிய 'மீட் பென்னி பெய்லி' என்ற பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ட்ரம்பெட் வெட்டி நிற்கும் இடத்தில் நம் க, ட, ப மாதிரி வல்லின ஓசை வந்து மோதும். சாக்ஸபோன்கள் சேர்ந்து வழியும் இடத்தில் மெல்லினமும் இடையினமும் இழையும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. முதல் முறை கேட்டபோது கால் நிமிஷம் நிஜ சாக்ஸபோன் என்றே நம்பினேன், நடுவில் ஒருவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும் வரை. பிரெஞ்சு மொழியின் மூக்கொலி இல்லாமல் அந்த நிறம் வராது. அமெரிக்காவில் இதே இசை இப்படிப் பிறந்திருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

அந்தக் குழுவில் பாடிய கிறிஸ்தியான் லெக்ரான், ஜாக் எலியானின் சொந்தச் சகோதரி மகள். இசையமைப்பாளர் மிஷேல் லெக்ரானின் அக்காவும் அவர்தான். மாமா கலைத்த பேண்டுக்கு வாரிசு ஒலிப்பதிவுக் கூடத்தில் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

நுரையீரல் ஒத்துழைக்காததால் அறுபதுகளின் நடுவில் மிமி பெரான் பாடுவதை நிறுத்தி, மொழிபெயர்ப்புக்குப் போய்விட்டார். அதற்கு முன் 1963-ல் டபுள் சிக்ஸோடு ஒரு இசைத்தட்டு செய்ய கில்லெஸ்பியே வந்தார்.  பாரிஸில் பதிவான பாட்டுகளில் பியானோ பட் பாவல், டிரம்ஸ் அதே கென்னி கிளார்க். 1948-ல் கில்லெஸ்பிக்குப் பின்னால் நின்றது அமெரிக்க பேண்ட். இந்தத் தட்டில் அந்த இடத்தில் நிற்பது பிரெஞ்சுக் குரல்கள்.