கடல் உயிரியல் மாணவர் வேதியியலைத் தள்ளிப்போடலாமா?

கலிபோர்னியாவில் இரண்டாண்டுச் சமூகக் கல்லூரியில் சேர்ந்துள்ள நீங்கள், பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்துக்கு மாறிக் கடல் உயிரியல் படிக்க எண்ணுகிறீர்கள். வேதியியலுக்கும் கால்குலஸுக்கும் அஞ்சி, முதல் ஆண்டில் கடலியல், கரையோரச் சூழலியல் வகுப்புகளை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

பொது வேதியியல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய தொடர் பாடம் என்பதால், அதை ஓர் ஆண்டு தள்ளினால் அதைச் சார்ந்த மற்ற பாடங்களும் தள்ளிப்போய், நீங்கள் மாறும் ஆண்டே தவறிவிடக்கூடும். மேலும், வேதியியல் இல்லாமல் கடலைப் புரிந்துகொள்ள முடியாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட் அயனிகளைப் பிடித்துக்கொள்வதால், சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேவையான பொருள் குறைகிறது. கரையோரச் சூழலியல் வகுப்பில் இதைத்தான் பேசப்போகிறார்கள்.

எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் இன்றே பாருங்கள். நிபந்தனைகளை நிறைவுசெய்யும் சமூகக் கல்லூரி மாணவருக்கு இடம் உறுதியளிக்கும் மாறுதல் சேர்க்கை உறுதித் திட்டத்தில் சாண்டா குரூஸ் வளாகம் உண்டு, அதே பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் இல்லை. அதற்கான விண்ணப்பக் காலம் சேரும் ஆண்டுக்கு முந்தைய செப்டம்பர் மாதம். உங்கள் பாடப்பிரிவுக்கான நிபந்தனைகளை ஆலோசகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடலியல் அறிமுக வகுப்பு ஒன்றை, ஆய்வகத்துடன், வேதியியலோடு சேர்த்தே எடுக்கலாம். முக்குளிப்புச் சான்றிதழுக்கு இப்போது அவசரமில்லை. பட்டத்தைவிடக் கப்பல் வேலைதான் உங்களை ஈர்க்கிறது என்றால், வட கரோலினாவின் கேப் ஃபியர் சமூகக் கல்லூரியிலுள்ள கடல் தொழில்நுட்பப் படிப்பையும் விசாரியுங்கள்.