34 வயதில், பழைய காயங்களோடு கிளப் கிரிக்கெட்டுக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்வாசி. வயது 34. மிதவேகப் பந்துவீச்சாளர், மைதானத்தை விட்டு 6 ஆண்டு ஆகிறது. வலது தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், இரண்டு முறை கிழிந்திருக்கிறது. பந்தை எறிந்தால் தோள் வலிக்கிறது. இப்போது ஜூன் கடைசி. அக்டோபரில் கிளப்பின் இரண்டாம் அணிக்கு ஆட ஆசைப்படுகிறார்.

முடியும். கையில் இருக்கும் 14 வாரம் போதும், ஆனால் வீணடிக்க ஒரு வாரம்கூட இல்லை.

இந்த வயதில் திரும்புகிறவர்களைப் பெரும்பாலும் கெடுப்பது வயதல்ல, நான்காவது வாரம். ஓடத் தொடங்கினால் மூச்சு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். தசைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தேறுவதற்கு மூன்று மாதமாவது ஆகும். அதனால் நான்காவது வாரம் நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், பந்து நன்றாக விழும், உடம்பு லேசாக இருக்கும், பந்து வீச ஓடிவரும் பழைய தூரத்தை, அதாவது ரன் அப்பை, முழுதாக எடுத்து ஓடிவரத் தோன்றும். மூச்சு தயாராக இருக்கும், நாண் தயாராக இருக்காது. அங்கேதான் கிழிகிறது.

கேசவ் மகராஜைப் பாருங்கள். டர்பன்காரர், தென்னாப்பிரிக்க அணியின் சுழற்பந்து வீச்சாளர், அப்போது 33 வயது. 2023 மார்ச்சில் வாண்டரர்ஸ் மைதானத்தில், விக்கெட் விழுந்த மகிழ்ச்சியில் ஓடும்போது குதிகால் நாண் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து செப்டம்பரில் ஆட்டத்துக்கு வந்தார். அக்டோபர் 27 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி ரன்னை அடித்தவரும் அவர்தான். ஆனால் அவருக்கு முழுநேர பிசியோவும் பயிற்சியாளரும் இருந்தார்கள். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வருகிற நீங்கள் அந்த வேகத்தை அளவுகோலாக வைக்காதீர்கள்.

முதல் வேலை, இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று அளப்பது. சுவரை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 25 வர வேண்டும். அடுத்து மல்லாந்து படுத்து, ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுள்ள பெட்டியின் மேல் ஒரு குதிகாலை வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். 20-க்குக் கீழே நின்றால் அந்தத் தொடை வேகமாக ஓடத் தயாரில்லை. 25-ஐத் தாண்டினால் நல்லது. மொத்த எண்ணிக்கையைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், பலவீனமான காலுக்கு ஒரு செட் கூடுதலாகச் செய்யுங்கள்.

தோளை நீங்களே கணிக்க வேண்டாம். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கிறதா, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் மட்டும் சுருக்கென்கிறதா என்று கவனித்துக்கொண்டு பிசியோவிடம் போங்கள். தென்னாப்பிரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே பிசியோவைப் பார்க்கலாம். அவர் வலியை அடக்கிய பிறகு, உடற்பயிற்சி வழியாக உடம்பைத் தேற்றுவதற்கென்றே பயோகைனெட்டிசிஸ்ட் என்ற தனித் தொழில் இந்த நாட்டில் உண்டு. உங்கள் நிலைமைக்கு அவரே மிகப் பொருத்தம். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, எவ்வளவு தரும் என்பது திட்டத்தைப் பொறுத்தது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்குக்கு வருவோம். ஒருமுறை கிழிந்த இடம் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். உட்கார்ந்து குனிந்து கால் விரலைத் தொடும் நீட்டல் மட்டும் அதைக் காப்பாற்றாது. தசை நீளும்போதே சுமை தாங்கப் பழக வேண்டும். அதற்கு நார்டிக் பயிற்சி: மெத்தை விரித்து மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலை வரை நேராக வைத்து, முடிந்த அளவு மெதுவாக முன்னே சாயுங்கள். தாங்காத இடத்தில் கையை ஊன்றித் தள்ளி எழுந்துவிடலாம். முதல் வாரம் ஒரே நாள், 5 வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் 2 செட். நான்காம் வாரத்துக்குள் 3 செட் 8 வரை போகலாம். தொடக்கத்தில் இரண்டு மூன்று நாள் தொடை கடுக்கும், அது இயல்பு. ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் மட்டும் இதைத் தொடாதீர்கள். இடுப்பை மடக்கிக்கொண்டு சாய்ந்தால் பயன் போய்விடும்; பலரும் செய்யும் பிழை இதுதான்.

இன்னொரு மருந்து, வேகமாக ஓடுவதேதான். காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயம் ஓடுகிற ஊர் என்பதால் டர்பனில் பலர் நீண்ட தூரம் மெதுவாக ஓடித் தயாராகிறார்கள். மூச்சுக்கு நல்லது. ஆனால் கிரிக்கெட்டில் தொடை கிழிவது ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டுத் திடீரென 30 மீட்டர் பாயும்போது. மூன்றாம் வாரத்தில் 40 மீட்டர், முழு வேகத்தில் 60 சதவீதம், 6 முறை, நடுவே நடந்தே திரும்புங்கள். ஆறாம் வாரம் 75, ஒன்பதாம் வாரம் 90 சதவீதம். வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம். பதினொன்றாம் வாரத்தில் கால்காப்புப் பேட்கள் கட்டி, மட்டையோடு க்ரீஸிலிருந்து க்ரீஸ் வரை, அதாவது 17.68 மீட்டர், இரண்டு ரன்னாக ஓடித் திரும்பிப் பழகுங்கள். திரும்பும்போது இடுப்பைத் தாழ்த்துங்கள், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திரும்புங்கள். பேட் கட்டாமல் பழகிய ஓட்டம் ஆட்டத்தில் உதவாது.

பந்துவீச்சில் பந்துகளை எண்ண வேண்டும்; நெட்ஸில் வீசுவதும் கணக்கில் சேரும். முன்காலை ஊன்றும் நொடியில் வேகப் பந்துவீச்சாளரின் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் அந்தக் காலில் இறங்குகிறது, அது முதுகுக்கும் போகிறது. ஐந்தாம் வாரம் பாதி ரன் அப்பில் இரண்டு நாள், நாளுக்கு 18 பந்து. அடுத்து 24, அதற்கடுத்து 30. எட்டாம் வாரம் வேண்டுமென்றே 24-க்கு இறங்குங்கள். ஒன்பதில் முழு ரன் அப்பில் 30, பத்தில் 36, பிறகு 42. கடைசி மூன்று வாரம் வாரத்துக்கு 90 பந்து என்ற அளவில் நிறுத்துங்கள். அடுத்தடுத்த நாளில் வீசவே வேண்டாம். மழையால் ஒரு வாரம் போய்விட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாக வீசி ஈடுகட்டாதீர்கள். விட்ட படியிலிருந்தே ஏறுங்கள். ரன் அப்பை நிரந்தரமாக நாலைந்து அடி குறைத்துவிட்டு, பந்து போகும் லைனையும், தரையில் பட்டுத் திரும்பும் கட்டரையும் நம்பலாம் என்பது என் கருத்து. இரண்டாம் அணி மட்டத்தில் நல்ல நீளத்தில் விழும் பந்து, கூடுதல் வேகத்தைவிட அதிக விக்கெட் தரும்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? பத்துக்கு மூன்று வரை இருந்து, 24 மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் மைதானத்தில் இறங்காதீர்கள். நிறுத்தச் சொல்லும் குரலையே மாத்திரை அமர்த்திவிடும்.

எறிதலுக்குத் தோள்தான் கணக்கு. பிசியோ அனுமதித்த பிறகு 10 மீட்டரில் 20 எறிதல், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 மீட்டர் கூட்டி 40 மீட்டர் வரை போங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி வெளிப்பக்கம் இழுப்பது 15 வீதம் 3 செட், வாரம் மூன்று நாள். வயதானவர் என்று கேப்டன் உங்களை எல்லைக்கோட்டருகே உள்ள ஃபைன் லெக்குக்கு அனுப்பப் பார்ப்பார். மறுத்துவிடுங்கள். குளிர்ந்த தோளோடு நீண்ட எறிதல், குளிர்ந்த தொடையோடு நீண்ட ஓட்டம், இரண்டும் அங்கேதான். பிட்சுக்கு நெருக்கமான மிட் ஆன், மிட் ஆஃப் கேளுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் பந்துவீச்சாளரோடு சேர்ந்து நாலடி முன்னே நடந்தால் தசை சூடாகவே இருக்கும்.

காலணி தரையைப் பொறுத்தது. கான்கிரீட்டின் மேல் செயற்கை விரிப்புப் போட்ட பிட்சில் ஆணி ஸ்பைக்ஸ் ஆகாது. ரப்பர் அடி போதும், குதிகாலுக்கு மெத்தென்ற அட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த கிக்கூயூ புல்லில் நீண்ட ஸ்பைக் சிக்கிக்கொண்டால் முழங்கால் திருகும். ஜோஹன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் ஆடப் போனால் குளிர்காலம் முடிந்த கையோடு தரை கல்லாக இருக்கும். அந்த வாரம் ஓவரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல்: சீசன் தொடங்கும் நேரமும் புரட்டாசி விரதமும் ஒன்றாக வரும். பயிற்சி உச்சத்தில் இருக்கும் அந்த வாரங்களில் இறைச்சி, மீன் இல்லை. விரதத்தை விட வேண்டாம், கணக்கை மட்டும் மாற்றுங்கள். 80 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 கிராமாவது புரதம் வேண்டும். வெந்த ஷுகர் பீன்ஸ் ஒரு கோப்பையில் சுமார் 15 கிராம், உலர்ந்த சோயா 50 கிராமில் சுமார் 25 கிராம், அமாசி என்ற புளித்த பால் ஒரு டம்ளரில் 8 கிராம் கிடைக்கும். பால் சேர்க்காத விரதமானால் சோயாவைக் கூட்டுங்கள். வெறும் சோறும் உருளைக்கிழங்குக் கறியுமாக நான்கு வாரம் போனால் தசை தேறாது.

முதல் ஆட்டத்தில் நான்கு ஓவர், இரண்டிரண்டாக. கேப்டனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய காயத்துக்காக ரன்னர், அதாவது மட்டையாளருக்குப் பதிலாக ஓடும் ஆள், கேட்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். விதிப்படி ஆட்டத்தின்போது பட்ட காயத்துக்குத்தான் ரன்னர். பல போட்டிகளில் அதுவும் இல்லை. டர்பனின் கசகசப்பில் வியர்வை கொட்டும். தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன் அரை லிட்டர் தண்ணீர், பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் உப்புச் சேர்ந்த பானம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு வீட்டிலேயே கலக்கலாம்.

தொடையில் சுருக்கென்றால் அந்தப் பந்தோடு வெளியேறுங்கள். முதல் இரண்டு நாள் கட்டுப் போட்டு, 10 முதல் 15 நிமிடம் ஐஸ். எண்ணெய் தேய்ப்பது, சூடு வைப்பது, மாலை பிராய் என்ற இறைச்சி சுடும் விருந்தில் பீர், மூன்றும் வேண்டாம்; உள்ளே ரத்தக் கசிவைக் கூட்டும். பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் பட்டு, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்றால் அது குதிகால் நாண், அன்றே மருத்துவமனை. முதுகு வலியோடு கால் மரத்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

சீசன் நடுவில், ஜனவரி பிப்ரவரியில், தைப்பூசக் காவடி வரும். எடுப்பவராக இருந்தால், சுடும் தாரில் தோளில் பாரத்தோடு வெறுங்காலில் நடந்த அந்த நாளையும் பந்துவீச்சுக் கணக்கில் சேருங்கள். கெண்டைக்காலும் தோளும் அன்று நன்றாக உழைத்திருக்கும். அடுத்த ஆட்டத்தில் மட்டையாளராக மட்டும் ஆடிவிட்டு, அதற்கடுத்த வாரம் 24 பந்திலிருந்து மீண்டும் ஏறுங்கள்.