ஆசிரியரான தாய்க்கும் பிளஸ் ஒன் மகளுக்கும் ஒரு பணித்தொகுப்பு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

திருமங்கலத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் தாங்கள், வடிவமைப்புப் படிப்பில் சேர விரும்பும் மகளுக்கு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ (செய்த பணிகளை இணையத்தில் அடுக்கிக் காட்டும் தொகுப்பு) செய்து தர ஒரு கணினி மையத்தில் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். அவர்கள் செய்து தருவது பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் நேர்காணலில் ஒரு பக்கத்தைச் சுட்டி, "இதை ஏன் இப்படி வரைந்தாய்?" என்று கேட்டால், பிறர் அடுக்கிக் கொடுத்த பக்கத்துக்குப் பிள்ளையால் பதில் சொல்ல முடியாது.

எங்கே இது பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 200 மதிப்பெண் கட்-ஆஃப் கொண்டே நடக்கிறது. அங்கே போர்ட்ஃபோலியோவுக்கு இடமில்லை. நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் தேர்வில் சிச்சுவேஷன் டெஸ்ட் என்று, கொடுத்த பொருள்களைக் கொண்டு அங்கேயே கையால் செய்து காட்டச் சொல்வார்கள். அதற்கும் தொகுப்பு நேரடியாக உதவாது. ஆனால் தொகுப்பைச் சேர்க்கும்போது வரும் கைப்பழக்கம் நிச்சயம் உதவும். நேர்காணல் வைத்துச் சேர்க்கும் பல தனியார் வடிவமைப்புக் கல்லூரிகள் தொகுப்பை விரித்துப் பார்க்கின்றன. தங்கள் மகள் உழைக்க வேண்டியது அதற்காகத்தான்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவி, மதுரையில் திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தை மூன்று முறை வரைந்து வைத்திருந்தாள். முதல் தாளில் மண்டபம் குளத்தை விடப் பெரியதாக இருந்தது; இரண்டாவதில் அளவு சரியாகி, நீரில் விழும் நிழல் மட்டும் தவறியிருந்தது. மூன்றாவது தாள் நன்றாக வந்திருந்ததால் அதை மட்டும் போடலாம் என்று அவள் நினைத்தாள். மூன்றையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் என்ன தவறு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இரண்டு வரி எழுதச் சொன்னேன். "கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பென்சிலைக் கண் முன் நீட்டி அளந்த பிறகுதான் தெரிந்தது" என்று அவள் எழுதிய வரி, அந்தத் தொகுப்பிலிருந்த எல்லாச் சான்றிதழ்களையும் விட அவளைப் பற்றி அதிகம் சொன்னது. பிள்ளைகள் கிழித்துப் போடும் முதல் தாளை நான் இத்தனை பிடிவாதமாகக் கேட்பது அதனால்தான்.

செய்முறை எளிது. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் தாளை வைத்து, நிழல் விழாமல் கைபேசியில் படம் எடுத்தால் போதும். கூகுள் சைட்ஸில் கட்டணமின்றிப் பக்கம் அமைக்கலாம். இலவசக் கணக்கில் கிடைக்கும் 15 ஜிபி இடம், படங்களுக்கும் ஓரிரு சிறு காணொளிகளுக்கும் தாராளமாகப் போதும். பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் மட்டும் தொடங்காதீர்கள். பள்ளியை விட்டு வெளியேறியதும் அந்தக் கணக்கு மூடப்பட்டு, இரண்டு ஆண்டு உழைப்பைப் பறிகொடுத்த பிள்ளையை எனக்குத் தெரியும். சொந்தக் கணக்காக இருந்தாலும், இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் கூகுள் அதை நீக்கிவிடக்கூடும். எனவே எல்லாவற்றையும் ஒரு பிடிஎஃப் கோப்பாகவும் எடுத்து, பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசியில், தாங்களும் வேறு பள்ளிக்கு மாற விரும்புவதாக ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படியானால் மகளுக்கு முன் தாங்கள் தொடங்குங்கள். அம்மா தன் பழைய பாடக்குறிப்பைத் திருத்தி எழுதுவதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் முதல் தாளைக் காட்டக் கூச்சம் இருக்காது. அரசுப் பணிக்கான ஆசிரியர் தேர்வில் தொகுப்பு பார்க்கப்படுவதில்லை. தனியார் பள்ளிகளில் மாதிரி வகுப்புக்கு அழைக்கும்போது அது தங்களுக்காகப் பேசும். முப்பது பாடக்குறிப்புகளை அடுக்குவதை விட ஒரு பாடத்தை முழுமையாகக் காட்டுவதே மேல். நான் பார்த்த ஓர் ஆசிரியை, மிதத்தல் பாடத்துக்கு முன் "இவ்வளவு கனமான தெப்பம் ஏன் மூழ்கவில்லை?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டு, பிள்ளைகள் துண்டுச் சீட்டில் எழுதிய விடைகளைப் படம் எடுத்திருந்தார். "மரம் என்பதால்" என்றே பலரும் எழுதியிருந்தார்கள். அதனால் மறுநாள் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை வாளி நீரில் மிதக்கவிட்டுப் பாடத்தைத் தொடங்கியதாகவும், பாடம் முடிந்த பின் வந்த விடைகளில் எது மாறியது, எது மாறவில்லை என்பதையும் அவர் எழுதியிருந்தார். மாறாததையும் மறைக்காமல் எழுதியிருந்தாரே, அந்த நேர்மையை நல்ல தலைமையாசிரியர் எவரும் கண்டுகொள்வார்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மாணவர்களின் முகம், பெயர், பதிவெண், மதிப்பெண் ஆகிய எதுவும் தங்கள் தொகுப்பில் தெரியக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது. விடைத்தாளைப் படம் எடுக்குமுன் பெயரை ஒரு தாள் துண்டால் மூடிவிடுங்கள். மகளின் பக்கத்திலும் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் வேண்டாம். நீங்கள் யாருக்கு இணைப்பை அனுப்புகிறீர்களோ அவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைத்தால் போதும்.

இந்தச் சனிக்கிழமை இருவரும் பழைய நோட்டுகளை எடுத்து, ஆளுக்கு மூன்று பணிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வையுங்கள். என் அலுவலகத்துக்கு வரும்போது கணினியில் ஏற்றியது எதுவும் தேவையில்லை. அந்த மூன்றின் முதல் தாள்கள் கசங்கியிருந்தாலும் அப்படியே எடுத்து வாருங்கள்.